பூவாயி அம்மாளின் பல்வரிசை

ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு ஆள்கணக்கு எழுத வந்த புதிய ரைட்டர், பொக்கை வாய்க்காரர்களை வயதானவர்கள் என்று வேலையிலிருந்து நிறுத்திவந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். ஆகையால் பூவாயி அம்மாள் பல்செட் அணிந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது அவரைப் பார்த்துத் தவறாமல் புன்னகைத்தார்.

மதியம் அம்மாள் சோற்றைத் தொடவில்லை.

"ஏனுங்கக்கா, பல்லு வெச்ச பொறவும் வெறும் நீச்சத்தண்ணிதானுங்களா?" என்று உடன் வேலை செய்யும் ராசாத்தி கேலி செய்தாள்.

"மெல்ல முடியல கண்ணு. ஈறெல்லாம் நொம்பப் புண்ணு."

"அளவெடுத்த சேலத்து டாக்டருகிட்டயே காட்டுங்க. தேய்ச்சுச் சரிபண்ணுவாருங்க."

பூவாயி அம்மாள் பல்செட்டைக் கழற்றி, முந்தானையால் துடைத்தார்.

"அவரு அளவெடுத்தது எனக்கில்ல கண்ணு. போன மாசம் எங்கூட்டுக்காரரைக் குழியில எறக்கறதுக்கு முன்னால, நாந்தான் அவரு வாயிலிருந்து கழட்டிக்கிட்டேன்."

தூரத்தில் ரைட்டர் வருவது தெரிந்தது. அம்மாள் அதை மறுபடியும் வாயில் பொருத்திக்கொண்டு புன்னகைத்தார்.