பிரித்துப் போட்ட லேப்டாப்

அவன் லேப்டாப்பைத் திறந்தாலே வீட்டில் நெட் படுத்துவிடும். அடுத்த அறையில் ஆன்லைன் வகுப்பெடுக்கும் மனைவி பாதிப் பேச்சில் உறைந்து நிற்பாள். இன்னொரு புகார் வந்தால் அவள் வேலை போய்விடும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றினான், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். ஒன்றும் சரிப்படவில்லை. வெறுத்துப்போய், வகுப்பில் இருந்தவளிடம் சொல்லாமலே லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போனான்.

மெக்கானிக் அதைப் பிரித்து மேசையில் பரப்பியபோது மனைவி ஃபோனில் கூப்பிட்டாள்.

“மறுபடியும் நின்னுடுச்சுங்க. ரூம்ல உட்கார்ந்து தட்டினது போதும், மூடி வைங்க.”

அவளுக்குப் பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் அவனுக்கும் கேட்டது. அவன் வாய் திறப்பதற்குள் அது நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அப்பாடா, வந்துடுச்சு. அப்படியே வெளிய வந்து கொஞ்ச நேரம் உட்காருங்க,” என்றாள்.

அறைக் கதவு திறக்கும் சத்தத்தோடு ஃபோன் கட்டானது.