மீன் மணத்த கிளவுஸ்

கிளவுஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்தன். மீன். நல்ல பச்சை மீன் மணம்.

"அண்ணை, இதைப் போட்டு மீன் பிடிச்சிருக்கிறியள்."

"ஓம் தம்பி. மீன் பிடிக்கத்தானே வாங்கினனான்," எண்டார் வின்சென்ற் அண்ணை.

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. போன சனிக்கிழமை அக்காவின்ரை மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. நித்திரை முறிச்சு ரெண்டு நாள் ஆகியும் உடம்பு தேறேல்லை. அதுக்குள்ளை இவர்.

நோர்வேயிலை, குரோருட் எண்ட இடத்திலை ஸ்போர்ட்ஸ் சாமான் விக்கிற கடையிலை எனக்கு ஏழு வருசமா வேலை. நான் ஒருத்தன்தான் அங்கை தமிழ். எங்கடை சனம் வந்தால் நேரா என்னட்டைத்தான் வரும்.

இந்த மனுசன் மூண்டு கிழமைக்கு முதல் பக்கத்து ஊர் ரொம்சோஸிலை இருந்து வந்து, குளிருக்கை தூண்டில் போட கிளவுஸ் வேணும் எண்டு ஒரு மணித்தியாலம் என்ரை உயிரை எடுத்தவர். கம்பளி போட்டுப் பாத்தார். தோல் போட்டுப் பாத்தார். விரல் நுனியைத் திறந்து மூடுற மாதிரி ஒண்டு இருக்கு, தூண்டில் முள்ளுக் கட்ட எல்லாரும் அதைத்தான் கேப்பினம். அதையும் வேண்டாம் எண்டிட்டார். கடைசியிலை தடிச்ச றப்பர் சோடி ஒண்டு எடுத்துக் குடுத்தன்.

"தண்ணி போகாதோ தம்பி?"

"போகாது அண்ணை. நான் பொறுப்பு."

நாலு தரம் கேட்டார். நாலு தரமும் சொன்னனான்.

இப்ப வந்து நிக்கிறார்.

"உள்ளுக்குத் தண்ணி வருது தம்பி. காசு வேண்டாம். வேறை ஒரு சோடி மாத்தித் தா, அது காணும்."

"சும்மா கதை விடாதேங்கோ அண்ணை. மூண்டு கிழமை ஆசை தீரப் பாவிச்சிட்டு, மணக்க மணக்கக் கொண்டந்து மாத்தச் சொல்றியள். இது என்ன உங்கடை வீட்டுக் கடையோ?"

"நான் பொய் சொல்லேல்லை."

"எல்லாரும் இதைத்தான் சொல்றது! வாங்கிறது, பாவிக்கிறது, பிறகு ஒண்டும் தெரியாத மாதிரித் திருப்பிக் குடுக்கிறது. எங்கடை ஆக்களாலை நான் இந்த வெள்ளையளுக்கு முன்னாலை தலை நிமித்த ஏலாமல் கிடக்கு. வெக்கமாயில்லையோ?"

சத்தம் கூடிப்போச்சு. சப்பாத்துப் பாத்துக்கொண்டு நிண்ட தமிழ்க் குடும்பம் ஒண்டு திரும்பிப் பாத்துது. பாக்கட்டும் எண்டு விட்டன்.

வின்சென்ற் அண்ணை வலக்கையை மேசையிலை வைச்சார். ரெண்டு விரல் நுனி மெழுகுதிரி மாதிரி வெளிறிக் கிடந்துது.

"நோர்வேயின்ரை வடக்கிலை மீன் பக்டரியிலை பதினொரு வருசம் நிண்டனான். அங்கை செத்த விரலுகள். இன்னொருக்கா விறைச்சால் வெட்டத்தான் வேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுதான் அண்டைக்கு உன்னை அப்பிடித் துளைச்சுத் துளைச்சுக் கேட்டனான்."

"அப்ப தூண்டிலைத் தூக்கி எறிஞ்சிட்டு வீட்டிலை இருங்கோ! அடுத்த ஆள் வாங்கோ!"

மனுசன் கிளவுஸை மேசையிலையே விட்டிட்டு, வெறுங்கையை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை செருகிக்கொண்டு வெளியிலை போனார். வெளியிலை மைனஸ் பதினொண்டு.

"என்ன சண்டை?" எண்டு ஹன்னா ஓடி வந்தாள். எங்கடை கடைக்குப் பொறுப்பு அவள்தான்.

கடையைக் காப்பாத்தின பெருமையோடை முழுக்கச் சொன்னன். அவள் கிளவுஸைக் கொண்டுபோய், பைப்பைத் திறந்து தண்ணியை நிரப்பித் தூக்கிப் பிடிச்சாள்.

ரெண்டு விரல் தையலாலையும் தண்ணி ஒழுகிச்சுது.

"அந்த ஆள் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். புதுச் சோடி எடுத்துக்கொண்டு ஓடு!"

ஓடினன். ரெயில் ஸ்ரேசன் வரைக்கும் மூச்சு வாங்க ஓடினன். ஆளைக் காணேல்லை. போன் நம்பரும் இல்லை.

அப்பவும் எனக்குக் கோவம் அடங்கேல்லை. விரல் இப்பிடி எண்டு முதல்நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே? கிளவுஸைக் கழுவிக் கொண்டந்திருக்கலாம்தானே? கடைக்குத் திரும்பி வரும்வரைக்கும் அவரைத்தான் மனசுக்குள்ளை பேசிக்கொண்டு வந்தன்.

போன் அடிச்சுது. மனுசி தக்ஷாயினி.

"என்னப்பா, கோட் காருக்குள்ளை கிடக்கு. இண்டைக்குத்தான் கடைசி நாள். மறந்து துலைச்சிடாதேங்கோ!"

"ஓம் ஓம், தெரியும்."

ஆறு மணிக்கு வேலை முடிஞ்ச கையோடை கோட்டைத் திருப்பிக் குடுக்க உடுப்புக் கடைக்குப் போனன். சனிக்கிழமை தாய்மாமன் எண்டு மேடையிலை நிண்டு, வீடியோவுக்குச் சிரிச்சு, ஆரத்தியிலையும் நிக்கேக்கை நான் போட்டிருந்த கோட். விலைச்சீட்டை அறுக்காமல் கழுத்துக்குள்ளை மடிச்சு விட்டிருந்தனான். அண்டைக்கு விடியத் தொடங்கி பின்னேரம் வரைக்கும் முதுகைக் குத்திக்கொண்டே இருந்தது.

"போட்டனீங்களோ?" எண்டு அங்கை நிண்ட நோர்வேப் பெட்டை சிரிச்சுக்கொண்டு கேட்டாள்.

"இல்லை, இல்லை. வீட்டிலை அளவு பாத்தது மட்டும்தான்."

கோட்டை எடுத்து மேசையிலை வைச்சன். பன்னீரும் சந்தனமும் எனக்கே குப்பெண்டு அடிச்சுது.

அவள் மணந்து பாக்கேல்லை. நான் சொன்னதை அப்பிடியே நம்பினாள்.