முன் சீட்டு

காலை ஐந்தே முக்கால். ஜான்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். வேலைக்குத்தான் வருகிறாள் என்று ஜீப்பின் பின்பக்கத்தில் இருந்தவர்கள் கால்களை ஒடுக்கினார்கள்.

அவள் ஏறவில்லை. ஜீப்புக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். குறுகிய தெரு. சுற்றிப் போக வழியில்லை.

கோம்பையிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் அது. பத்துப் பேர் போகும் வண்டியில் இருபது பேர் அடைந்திருந்தார்கள். இடம் கிடைக்காத சிலர் ஓரமாக நின்றார்கள்.

"தள்ளி உக்காருங்கத்தா. முடியலேன்னா இறங்கிக்கங்க, ஏறுறதுக்கு ஆளு நிக்குது" என்று கத்திக்கொண்டிருந்த டிரைவர் பொன்னுராஜ் ஹாரனை அழுத்தினான்.

"பத்துப் பேருக்கு மேல ஏத்துனா வண்டி நகராது" என்றாள் ஜான்சி. "என் தங்கச்சி வளைவுல விழுந்து இடுப்பொடிஞ்சு கிடக்கா. அடுத்து யாரு?"

"அவ தொங்கிட்டு வந்தா, விழுந்தா. அதுக்கு எங்க பொழப்பக் கெடுப்பியா?" உள்ளிருந்து ஒருத்தி.

"போட்டோவுக்கு உக்காந்திருக்காடி. நாளைக்குப் பேப்பர்ல வரணும்ல."

சிரித்தார்கள்.

வியாகுலமேரி முன் சீட்டில் இருந்தாள். ஆள் குறைகிற நாட்களில் வீடு வீடாகப் போய் எழுப்பிக் கூட்டி வருபவள் அவள். அதற்காகப் பொன்னுராஜ் கொடுத்த இடம். நேற்றுத்தான் தோட்டத்துக் கங்காணி அவளிடம் சொல்லியிருந்தார், இன்னொரு நாள் தவறினால் இனி வர வேண்டாம் என்று.

"யக்கா, நீங்க இறங்கி இழுத்துப் போடுங்க" என்றான் பொன்னுராஜ்.

மேரி இறங்கினாள்.

"எந்திரிடி. என் வேலை போச்சுன்னா நீயா சோறு போடுவ?"

ஜான்சி அசையவில்லை. மேரி துண்டோடு சேர்த்து முடியைப் பிடித்து அவளை ஓரத்துக்கு இழுத்துத் தள்ளினாள். வளையல் உடைந்து ஜான்சியின் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. ஜீப்பில் கை தட்டினார்கள்.

மேரி மூச்சு வாங்கத் திரும்பினாள். இடம் கிடைக்காமல் ஓரமாக நின்ற சினேகா முன் சீட்டில் இருந்தாள்.

"அது என் எடம்டி."

"அண்ணந்தான் ஏறச் சொன்னாக." சினேகா முகத்தைப் பார்க்கவில்லை.

பொன்னுராஜ் மேரியின் தூக்கை வெளியே நீட்டினான். "நீங்க நாளைக்கு வாங்க யக்கா. நேரமாச்சு."

கியரைப் போட்டான். வண்டி நகரவில்லை. ஜான்சி மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, விடாதீங்க! ரெண்டு சாத்து சாத்துங்க!" பொன்னுராஜ் கத்தினான்.

மேரி தூக்கை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் நிழல் மேலே விழுந்ததும் ஜான்சி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

மேரி தூக்கை அவள் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"தள்ளி உக்காருடி."