துத்தி

கல்லுடைக்கும் சடையாண்டிக்கு மூலம் முற்றி உட்கார முடியவில்லை. ஞாயிறன்று தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும்.

"துத்தி இலைய வதக்கிக் கட்டுங்கண்ணே. குப்பைமேட்டுல, சுவரோரத்துல கிடக்கும். மஞ்சப் பூ பூக்கும்" என்றாள் கூட வேலை செய்யும் ராக்கு.

தினமும் வேலைக்கு வருமுன் தேடினான். ஒரு மஞ்சளும் கண்ணில் படவில்லை.

"பூவே இல்ல. புளுகாத தாயி."

"காலையில தேடுனா? அது சாயங்காலந்தான் கண்ணு முழிக்கும்!"

அன்று வேலை முடிந்தும் பொழுது சாயும்வரை இருந்து, கல்குழி மேட்டுச் செடியில் வழக்கமாக மாட்டிவைக்கும் சட்டையை எடுத்தான். அடியில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள் விரிந்திருந்தன.

"மருந்துக்கே சட்டை போட்டு வச்சிருக்கீகளே!" ராக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சடையாண்டி நின்றபடியே சிரித்தான். "நீ உக்காந்து சிரி தாயி. நான் ஞாயித்துக்கிழமை சிரிக்கிறேன்."