முதுகுக்குப் பூசிய வெள்ளை

செயற்கை மழையைத் திறந்துவிட்டதும், சிலுவையைச் சுமந்து நடந்தவரின் தோளிலிருந்து வெள்ளைச் சாயம் வழியத் தொடங்கியது.

போச்சு! மேக்கப் அக்கா கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இயேசுவாக நடிக்கும் நாயகன் பால்வெள்ளை. சிலுவையோ அசல் மரம், நல்ல கனம். அதனால் பின்னாலிருந்து எடுக்கும் காட்சிகளில் அவருக்குப் பதிலாகச் சுமக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் நல்ல கறுப்பு. முகம் படத்தில் வராது என்பதால் எல்லோரும் அவரை ‘முதுகு’ என்றே கூப்பிட்டார்கள். கழுத்து வரைக்கும் வெள்ளை பூசி, கரையாமலிருக்க மேலே ஸ்ப்ரே அடிக்க வேண்டும். இருபத்திரண்டு நாளாக அக்காவுக்கு அதுதான் வேலை.

“வெயில்ல ஊர் ஊரா நடந்த மனுஷன் இவ்ளோ வெளுப்பாவா இருந்திருப்பாரு?” என்று முதல் நாளே கேட்டாள்.

சாயம் கரைந்தால் அன்றோடு உன் சீட்டு கிழிந்தது என்றார் தலைமை மேக்கப்காரர். பிரஷ்ஷை எடுத்துப் பூசத் தொடங்கினாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இப்போது கரைகிறது. முதுகு, கை, கால், எல்லாம்.

மரம் சறுக்கியது. அவர் சேற்றில் முட்டி போட்டு விழுந்தார். எழ முடியாமல், மூச்சு வாங்கி, முகத்தைத் திருப்பி மேலே பார்த்தார். கேமரா பக்கமாக.

இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை.

அழுங்கள் அழுங்கள் என்று வழியோரக் கூட்டமாக நடித்தவர்களைப் பார்த்துக் காலையிலிருந்து எத்தனை தடவை கத்தியிருப்பார்! இப்போது யாரும் சொல்லாமலே அழுதார்கள். சிப்பாயாக நடித்தவன் சாட்டையைக் கீழே போட்டான். லைட்காரர் தொப்பியைக் கழற்றினார். கேரவனிலிருந்து நாயகன் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து நின்றார்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாடி! இந்த முகத்தை விட்டுவிட்டா இத்தனை நாள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்?

மழை நின்றது. யார் பூசியது என்று இயக்குநர் கேட்டார். தலைமை மேக்கப்காரர் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

“நான்தான் சார். ஸ்ப்ரே அடிக்க மறந்துட்டேன்.”

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கும் மறந்துடுங்கக்கா.”

சரியென்று தலையாட்டினாள். மேலங்கிப் பைக்குள் அவள் கை ஸ்ப்ரே டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தது. காலையில் அதைக் குலுக்கி, மூடியைத் திறந்து, பூசி முடித்த அந்த வெள்ளை முதுகை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடிக்காமல் அவளே மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டது.