வரட்டும்

"ஒரே தடவ. நடுவுல கீழ எறங்கினா ஃபெயில், அஷ்டே."

பயிற்சி கொடுக்கும் மஞ்சையா, கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

உத்தமன் ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

அவனுக்குப் பின்னால் நாற்பதடிக் கன்டெய்னர். அதற்கும் பின்னால், பெங்களூர் ஒயிட்ஃபீல்டு யார்டின் மூலையில், இரண்டு தூண்கள். ட்ரெய்லரை அவற்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

லாரியாக இருந்தால் இது ஒரு வேலையே இல்லை. இருபது வருடமாக மங்களூருக்கும் பம்பாய்க்கும் லாரி ஓட்டியவன். ஆனால் ட்ரெய்லரில் எல்லாமே தலைகீழ். வால் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கை பழைய பழக்கத்துக்கே ஓடும். ஒரு மாதப் பயிற்சியில் மஞ்சையா திட்டித் திட்டித்தான் அதை மாற்றினார்.

முதலாளி பழைய லாரிகள் இரண்டையும் விற்றுவிட்டு இந்த ட்ரெய்லரை வாங்கியிருந்தார். அந்த லாரிகளை ஓட்டியவர்கள் உத்தமனும் நோயலும். இனிமேல் ஒருவருக்குத்தான் வண்டி. அது யாருக்கு என்பது இன்றைய டெஸ்டில் தெரிந்துவிடும்.

மற்றவன் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். பழைய லாரி டிரைவரை, அதுவும் தலை நரைத்த பிறகு, யார் கூப்பிடுவார்கள்?

"வரட்டும்... வரட்டும்..."

பின்னாலிருந்து நோயலின் குரல். யார்டில் வேறு ஆள் இல்லாததால், ஒருவன் ஓட்டும்போது மற்றவன் பின்னால் நின்று சொல்ல வேண்டும் என்று மஞ்சையா ஏற்பாடு செய்திருந்தார்.

உத்தமன் ஸ்டியரிங்கை ஒடித்தான். ட்ரெய்லர் மெல்ல வளைந்தது. இடது கண்ணாடி முழுக்கக் கன்டெய்னரின் தகரம். வலது கண்ணாடியில் காலியான யார்டு. தூண் எதிலும் தெரியவில்லை. ட்ரெய்லரின் மூலைக்கும் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று நோயல் சொன்னால்தான் உண்டு.

"வரட்டும்டா... எடம் கீது... வரட்டும்..."

சிராடி மலைப்பாதையில் மழை கண்ணை மறைக்கும்போதெல்லாம் நோயலின் லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கியவன் உத்தமன். ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

இப்போது யோசித்தான்.

சற்று முன்பு நோயல் ஓட்டியபோது பின்னால் நின்றது உத்தமன்தான். மூலை தூணை நெருங்கிக்கொண்டிருந்தது. 'ஓல்டான்' என்று கத்தி நிறுத்த வேண்டிய இடம் வந்தது. வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு உரசல் போதும், வண்டி தனக்குத்தான் என்று மனதுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அது முடியும் முன்பே பதறிப்போய்க் கத்திவிட்டான். கன்டெய்னர் தூணில் படாமல் தப்பியது, விரல் நுழையும் இடைவெளியில்.

வண்டியைச் சரியாக நிறுத்திவிட்டு நோயல் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "உன் கொரலக் கேட்டுத்தான்டா பிரேக்க மிதிச்சேன். கரெக்டா சொன்ன."

அந்தச் சிரிப்பு இன்னும் உத்தமனின் கண்ணுக்குள் நின்றது.

தான் அங்கே நின்றபோது நினைத்ததை அவன் நினைக்க மாட்டானா? அவனுக்கும் குடும்பம் இருக்கிறதே.

"வரட்டும்... வரட்டும்..."

ஏன் இன்னும் வரட்டும் என்கிறான்? இந்நேரம் மூலை தூணை நெருங்கியிருக்க வேண்டும். உத்தமனின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"வாடா, இன்னும் எடம் கீது!"

அந்தக் குரலில் அவசரம் இருப்பதுபோலத் தோன்றியது. அவ்வளவுதான். உத்தமன் பிரேக்கை ஓங்கி மிதித்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்து கீழே குதித்தான்.

மஞ்சையாவின் விசில் நீளமாக ஒலித்தது. அவன் திரும்பவில்லை. கன்டெய்னரின் ஓரமாகவே பின்பக்கம் ஓடினான். தூணில் முட்டிக்கொண்டு நிற்கும் தகரத்தைப் பார்க்கப் போகிறோம், நோயலின் சட்டையைப் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓடினான்.

தகரம் எங்கும் முட்டவில்லை.

மூலைக்கும் தூணுக்கும் நடுவில் நோயல் நின்றுகொண்டிருந்தான். முதுகைத் தூணோடு ஒட்டி வைத்து, ஒரு கையை நீட்டிக் கன்டெய்னரின் மூலையைத் தொட்டுக்கொண்டு. அந்தக் கை மடங்க மடங்க இடம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

உத்தமனின் கால் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரில் பட்டிருந்தால்?

"இன்னாடா எறங்கிட்ட?" என்றான் நோயல். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இன்னும் ஒரு ஜாண் கீதுடா. நான்தான் பாத்துனே இருக்கேனே."



மஞ்சையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அதற்குள் நோயல் நடுவிலிருந்து வெளியே வந்துவிட்டான். அவன் எங்கே நின்றிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

"ஏன்யா எறங்கினே? நல்லாத்தானே போயிண்டிருந்தே?"

"பயந்துட்டேன் சார்."

மஞ்சையா தலையை ஆட்டினார். நீளமான வண்டி, பழைய டிரைவர்களுக்கு இந்தப் பயம் வருவதுதான் என்றார். ட்ரெய்லரின் சாவியை எடுத்து நோயலிடம் கொடுத்தார்.

நோயல் அதைச் சந்தோஷமாக வாங்கவில்லை. உத்தமனின் தோளில் கை போட்டு யார்டின் கேட் வரை கூட்டிக்கொண்டு நடந்தான். பயமெல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும், சாயங்காலம் வா, ரிவர்ஸ் எடுக்க நானே சொல்லித்தருகிறேன், வேறு எங்காவது ட்ரெய்லர் வேலை கிடைக்காமலா போகும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவன் சட்டையின் முதுகு முழுக்கத் தூணின் சுண்ணாம்பு.

உத்தமன் அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கினான். தொடாமலே இறக்கிக்கொண்டான்.