காப்புரிமைக் காவலர்

"உங்க வீட்டுக்காரர் பாட்டுக்குக் காசு கேட்டு நெட்டுல சண்டை போடறாராமே, டீச்சர்?"

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள் ஆரோக்கியமேரி. ஆசிரியர் அறையின் மற்ற டிபன் பாக்ஸ்கள் திறக்காமல் காத்திருந்தன.

"யார் சொன்னா?" என்றாள் ஜெயபுஷ்பம்.

"துபாய்லேர்ந்து என் தம்பி. அங்க அவன் ரூமே சிரிக்குதாம். ஆம்பூர் ஞானசீலன்னு ஒருத்தர், பாட்டை டவுன்லோடு பண்றவன்லாம் திருடன், உள்ள போடுவேன்னு தினமும் எழுதறாராம். ஜெபப் பாட்டு டீச்சர், அதுக்குமா துட்டு?"

ஜெயபுஷ்பம் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவளே எழுதி, மெட்டுப் போட்டு, வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் பாடிய பத்துப் பாட்டு. செலவு கணவர் ஞானசீலனுடையது. சர்ச் வாசலில் விற்ற சிடி கொஞ்சம். மீதி பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கடியில் தூங்கியது.

அதில் ஒரு பாட்டைத்தான் 'மின்னல்' என்ற பெயரில் யாரோ இணையத்தில் ஒரு பாட்டுக் குழுவில் ஏற்றிவிட்டார். பாட்டு ஊர் ஊராகச் சுற்றியது. ஜெயபுஷ்பத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். ஞானசீலனுக்கோ ஊரறியக் கோபம். ஷூ ஃபேக்டரி ஷிப்ட் முடிந்ததும் நேரே பிரௌசிங் சென்டருக்குப் போய், சண்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அன்று இரவு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஜெயபுஷ்பம் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பாட்டு நாலு பேரு காதுல விழட்டுமே. நமக்கு இன்னா கொறைஞ்சு போச்சு?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, காப்புரிமைச் சட்டம், ஐம்பத்தொண்ணாவது பிரிவு."

"ஸ்கூல்ல சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கறதைத் தடுக்க அதுல பிரிவு இல்ல."

"காசுக்கு அலையறோம்னு பேசறாங்கங்க!"

ஞானசீலன் ரசத்தை ஊற்றிக்கொண்டு குனிந்துவிட்டார்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் ஜெயபுஷ்பம் கிளம்பினாள். உலகத்துக்கு ஒரே ஒரு செய்தி எழுதிவிட்டு வர வேண்டும்: பாடியது நான்தான், எல்லாரும் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள், என் கணவர் பேச்சை மதிக்க வேண்டாம்.

"வாங்கக்கா!" என்றான் சென்டர் நடத்தும் நிசார் அஹமது. "அண்ணன் சீட்டு காலியாத்தான் இருக்கு. கீபோர்டுல பார்த்து அடிங்க. அண்ணன் அடிச்ச அடியில பாதி எழுத்து அழிஞ்சு போச்சு."

குழுவின் பக்கத்தை அவனே திறந்து கொடுத்தான்.

எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்க, ஞானசீலன் மட்டும் தமிழ் எழுத்தில், ஒரு முற்றுப்புள்ளி தவறாமல் சண்டை போட்டிருந்தார்.

'பாட்டு காத்து மாதிரி சார். காத்துக்கு டிக்கெட் போடுவீங்களா?' இது மின்னல்.

'காற்றை யாரும் ஸ்டுடியோ வாடகை கொடுத்துப் பதிவு செய்வதில்லை.' இது ஞானசீலன்.

'கேசட் கம்பெனிக்காரன் கொழுக்கறான். பாடறவங்களுக்கு இன்னா கெடைக்குது?' இது வேறொருவர்.

'இங்கே கம்பெனி எதுவும் இல்லை. தனிநபர். வேறு வாதம் கொண்டு வரவும்.'

'அடுத்தது ஆம்பூர் பிரியாணிக்கும் காப்புரிமை கேப்பாரு!' இது இன்னொருவர். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

கடைசியில் மின்னல் கேட்டிருந்தார்: 'பேஜாரா இருக்கு சார். எவ்வளவுதான் வேணும்? தொகையைச் சொல்லுங்க.'

ஜெயபுஷ்பம் அதற்கு மேல் படிக்காமல் அடிக்கத் தொடங்கினாள். 'பாடியது நான்தான். என் கணவர் சார்பில் வெட்கப்படுகிறேன்...'

பின்னாலிருந்து நிசார் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, கீழ இன்னும் இருக்குது. நேத்து அண்ணன் ரொம்ப நேரம் உக்காந்தாரு. அடிக்கறதும் அழிக்கறதுமா. இன்னாண்ணே, எதிரி ஜாஸ்தியா மடக்கிட்டானான்னு கேட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் எழுதிக்கோன்னாரு."

அவள் பக்கத்தைக் கீழே இறக்கினாள்.

'தொகை வேண்டாம். நான் ஷூ ஃபேக்டரியில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் தைத்த ஷூவில் வெளிநாட்டுக்காரன் பெயரை அச்சடித்து அனுப்புவது என் பிழைப்பு. தைத்தவள் பெயர் எங்கேயும் இருக்காது. அது பழகிவிட்டது. ஆனால் நீங்கள் ஏற்றிய பாட்டைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால், பாடியவர் என்ற இடத்தில் "அன்நோன் ஆர்ட்டிஸ்ட்" என்று வருகிறது. யாரோ ஒருத்தியாம். பாடியவள் என் மனைவி. இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் இத்தனை நாள் சட்டம் பேசினேன். அந்த இடத்தில் அவள் பெயரைப் போட்டுவிடுங்கள். மற்ற ஒன்பது பாட்டையும் நானே இலவசமாக ஏற்றுகிறேன்.'

அடித்து வைத்திருந்ததை ஜெயபுஷ்பம் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

கீழே மின்னலின் பதில் இருந்தது.

'இதை மொதல்லயே சொல்லக்கூடாதா சார்! எனக்குக் கெடைச்சதே கவர் இல்லாத காப்பிதான். இப்பவே மாத்திடறேன். திருமதி ஞானசீலன்னு போட்டுடவா?'

அதற்கும் காப்புரிமைக் காவலர் ஒரு திருத்தம் போட்டிருந்தார்.

'கூடாது. பாடியது ஞானசீலன் அல்ல, ஜெயபுஷ்பம்.'